அன்று மதியம் நீங்கள் சொன்னது

என் முதல் வாசகரே, என் சவரிமுத்துவே,

பதினான்கு வருஷம் குடும்பம் நடத்தியும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னாங்க" என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள், அது போதுமாக இருந்தது. இப்போது எத்தனை தடவை "இன்னாங்க" என்றாலும் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அதனால் பெயரை எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் முதல் வருஷப் பூசை போன மாதம் முடிந்தது. புதிதாக வந்திருக்கும் பங்குத் தந்தை உங்கள் பெயரைச் சவரிராஜ் என்று வாசித்துவிட்டார். நான் இருந்த இடத்திலிருந்தே "முத்து, ஃபாதர், சவரிமுத்து" என்று சத்தமாகச் சொன்னேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பூசையே இருந்திருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

உப்பளம் வழக்கம்போல நடக்கிறது. உங்கள் இடத்துக்கு ஒரு புது மேஸ்திரி வந்திருக்கிறார். நீங்கள் காதில் பென்சில் செருகிய இடத்தில் அவர் செல்போனை வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடக்கிறார். நான் பால்வாடிக்குப் போய்வருகிறேன். சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். இதையெல்லாம் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

நமக்குக் கல்யாணமான நாலாம் நாள் மதியம், வீட்டில் நாம் இருவர் மட்டும் இருந்தபோது, என்னை முதன்முதலாகத் தொடுவதற்கு முன்னால் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். ஒரே ஒரு வாக்கியம். அது என்ன?

எனக்கு மறந்துவிட்டது. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் முதன்முதலாக நெருங்குவதை எழுதியே பேர் வாங்கியவள் நான். எனக்கு நடந்தது எனக்கு மறந்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. நான் பால்வாடி டீச்சர், வாரப் பத்திரிகைகளுக்குப் புனைபெயரில் கதை எழுதுகிறவள். பதினோரு கதைகள் வந்தன. பதினொன்றிலும் ஒரு புதுப்பெண் இருப்பாள், ஒரு மாப்பிள்ளை இருப்பான், ஒரு அறை இருக்கும். வேறு எதுவும் எனக்கு எழுத வரவில்லை.

முதல் கதை எழுதியது கல்யாணமான இரண்டாம் வருஷம். மல்லிகைப் பூ, பால் சொம்பு, கால் கட்டைவிரலால் தரையைக் கீறுகிற பெண், எல்லாம் போட்டிருந்தேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டு வாசித்தீர்கள். காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பால் சொம்புக்குப் பக்கத்தில் "பொய்" என்று எழுதினீர்கள்.

"இன்னாம்மே இது, சினிமாவா? நம்மளுக்கு எவ பால் காய்ச்சிக் குடுத்தா?"

"கதைன்னா அப்டித்தாங்க இருக்கும்."

"இருக்கட்டும். ஒரு ஆம்பளையும் பொம்பளையும் மொத தடவ தனியா இருக்குறாங்க. ரெண்டு பேருக்கும் ஒதறலா இருக்கும். அந்த ஒதறல் எங்க? நீ பாட்டுக்கு லைட்டை அணைச்சுட்ட."

எனக்குச் சுருக்கென்றது. பத்தாம் வகுப்போடு நிறுத்திய மனிதர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் உட்கார்ந்து, நமக்கு நடந்ததை நடந்தபடி எழுதி நீட்டினேன். வாசிக்க வாசிக்க எழுந்து உட்கார்ந்தீர்கள். வாசல் வரை போய்த் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தீர்கள். பிறகு மூன்று இடத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் "மாத்து" என்று எழுதினீர்கள்.

"ஏங்க, உண்மை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உண்மையாவும் இருக்கணும், நம்மளதாவும் இருக்கக்கூடாது. ஊர்ல எவனாவது படிச்சா இது சவரி ஊட்டுக் கதைன்னு சொல்லிடுவான். அப்புறம் நான் எப்டி வேலைக்குப் போறது?"

அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம் கடைசி வரை மாறவில்லை. நான் நீல மையில் எழுதுவேன், நீங்கள் பென்சிலோடு உட்காருவீர்கள். நம்ப முடியாத இடத்தில் "பொய்". நம்முடையதாக இருக்கிற இடத்தில் "மாத்து". இரண்டையும் சரி செய்த பிறகுதான் கதை தபாலில் போகும்.

நமக்கு நடந்தது கதைகளில் வருவது மாதிரி இல்லை. உங்கள் அம்மா கல்யாணமான முதல் மூன்று இரவும் ஜெபமாலைக்கு என்று சொல்லிவிட்டார். என்னைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். உங்களை ஆண்களோடு வெளியே அனுப்பிவிட்டார். நாலாம் நாள் பிரம்மதேசத்தில் உங்கள் உறவில் ஒரு சாவு. புதுசாகக் கல்யாணமானவர்களைத் துக்க வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று நம்மை விட்டுவிட்டு வீடே கிளம்பிப் போனது. அப்படிக் கிடைத்த மதியம்தான் நம்முடையது.

உப்பளத்துக் குடும்பங்களில் அப்படித்தான். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள், வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுகிறவர்கள். ராத்திரி படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். இந்தக் கடற்கரையில் பாதிப் பேருக்கு முதலிரவு என்பது பகலில்தான் நடந்திருக்கும், ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் "மதியம்" என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் நீங்கள் "மாத்து" என்று போட்டீர்கள். நானும் இரவாக்கினேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மொட்டை மாடியானது. சாவு வீட்டுக்குப் போனவர்கள் திருவிழாவுக்குப் போனார்கள். ஒவ்வொரு கதையிலும் ஒன்றை மாற்றினால் போதாதா? நாம் எல்லாவற்றையும் மாற்றினோம்.

ஒன்றே ஒன்றைத்தான் மாற்றாமல் விட்டோம். மாப்பிள்ளை உப்பளத்திலிருந்து வருவான். உப்பு தின்று உள்ளங்கை வெடித்திருக்கும். இந்தக் கையால் அவளை எப்படித் தொடுவது என்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான். அவள் தேங்காய் எண்ணெயை எடுத்து, அந்தக் கையை வாங்கித் தேய்த்துவிடுவாள். அந்த எண்ணெய்க்குப் பக்கத்தில் மட்டும் உங்கள் பென்சில் படவே இல்லை. "பொய்" என்றும் இல்லை, "மாத்து" என்றும் இல்லை.

அந்த எண்ணெய்தான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. எத்தனை கடிதங்கள்! கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், "உங்க கதையைப் படிச்சதிலிருந்து எனக்குப் பயம் குறைஞ்சிருக்கு அக்கா" என்று எழுதியிருந்தாள். அதை நீங்கள் நாலு தடவை வாசித்தீர்கள். "பாத்தியா, ஒடம்பைப் பத்தி நீ ஒரு வரி எழுதல, ஆனா அந்தப் பொண்ணு நம்புது" என்றீர்கள். அது சரிதான். ஒருத்தி இன்னொருத்தரின் கையை எப்படி வாங்குகிறாள் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டால் மற்றதை வாசகர்களே நம்பிக்கொள்வார்கள். கொஞ்சம் சிரிப்பு வேண்டும், முழங்கை எதிலாவது இடிக்க வேண்டும், தொடுவதற்கு முன்னால் அவன் கேட்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில். எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்தது.

பிறகு அலை வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நாம் பூசையில் இருந்தோம், அதனால் பிழைத்தோம். கால்வாய் வழியாக ஏறி வந்த தண்ணீர் நம் வீட்டில் கட்டில் உயரத்துக்கு நின்றுவிட்டு இறங்கியது. சுற்றிலும் ஊரே பிணம் தேடிக்கொண்டிருந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்காக நான் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். நாலைந்து நாள் கழித்து நீங்கள்தான் அதைத் திறந்தீர்கள். என் கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் ஊறிப்போய் ஒரே கட்டியாக இருந்தன. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, வரப்பின் மேல் பரப்பி, செங்கல் துண்டு வைத்துக் காய வைத்தீர்கள்.

காய்ந்த பிறகு பார்த்தால் நீல மை முழுக்கக் கரைந்து போயிருந்தது. தாளெல்லாம் வெளிர் நீலம். பென்சில் மட்டும் அப்படியே இருந்தது. வெற்றுத் தாளில் ஓரமாகப் "பொய்". இன்னொரு தாளில் ஒரு கோடு, பக்கத்தில் "மாத்து". எதைப் பொய் என்றீர்கள், எதை மாற்றச் சொன்னீர்கள் என்பது இல்லை.

நான் மூக்கை உறிஞ்சினேன். நீங்கள் சிரித்தீர்கள். "அட வுடும்மே. இன்க்குதானே போச்சு. நான் இருக்கேன் இல்ல? எனக்கு ஒண்ணொண்ணும் ஞாபகம் இருக்குது. எப்ப வேணும்னாலும் கேளு, சொல்றேன்."

ஒன்பது மாதம் இருந்தது எனக்கு. ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. வீட்டை நேராக்கினோம், கூரை போட்டோம், அரிசி வாங்கினோம், சண்டை போட்டோம். செப்டம்பரில் ஒரு காலை பாத்தி வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயசு என்ன சாகிற வயசா?

இந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர் அம்மா பேசினார். நாவல் கேட்டார். "புதுசா கல்யாணமானவங்களோட அந்த முதல் நெருக்கத்தை உங்களை மாதிரி நம்புற மாதிரி எழுத இங்க யாரும் இல்லை மேடம். இந்தத் தடவை சிறுகதை வேணாம், முழுசா எழுதுங்க" என்றார். சரி என்றேன். உங்களை வேலைக்குப் போக முடியாமல் செய்துவிடுவேன் என்ற பயம் இனி இல்லை. இந்த ஒரு தடவை எதையும் மாற்றாமல் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நம் மதியத்தை மதியமாகவே. அப்படியாவது உங்களை வீட்டுக்குக் கூட்டி வந்த மாதிரி இருக்கும் என்று ஒரு ஆசை, வேறென்ன?

கூரை, பாய், பிரம்மதேசத்துச் சாவு, நீங்கள் பின்பக்கம் கால் கழுவுகிற சத்தம், வெடித்த கை, எண்ணெய், எல்லாம் வந்தது. பேனா நன்றாக ஓடியது. நீங்கள் வாய் திறக்கிற இடத்தில் நின்றுவிட்டது.

அச்சான கதைகளை எடுத்துப் பார்த்தேன். ஒருவன் "பயமா இருந்தா சொல்லு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறான். ஒருவன் "எனக்குப் பேசத் தெரியாது, நீயே எதுனா பேசு" என்கிறான். இன்னொருவன் "உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்குது?" என்கிறான். பதினோரு ஆண்கள், பதினோரு வாக்கியங்கள். அச்சில் வந்திருக்கிறது என்றால் அது உங்களுடையது இல்லை. உங்களுடையதாக இருந்திருந்தால் நீங்கள் "மாத்து" என்று போட்டிருப்பீர்கள், நானும் மாற்றியிருப்பேன். நடந்ததை நடந்தபடி எழுதி, நீங்கள் மூன்று இடத்தில் கோடு போட்ட அந்த முதல் பிரதியில் நீங்கள் சொன்னது இருந்தது. அந்தத் தாள் என் மடியில்தான் கிடந்தது. உங்கள் கோட்டுக்கு மேலே வெளிர் நீலம்.

வேறு வழி தெரியாமல் இடையஞ்சாவடிக்கு உங்கள் அக்காவைப் பார்க்கப் போனேன். அற்புதம் அண்ணி இப்போதும் அங்கே வெள்ளைக்காரர்களின் கெஸ்ட் ஹவுஸில்தான் சமைக்கிறார். நான் போன நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தை ஒரு நாத்தனாரிடம் எப்படிக் கேட்பது? அரை மணி நேரம் வெண்டைக்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, எங்களுக்குக் கல்யாணமான நாலாம் நாள் நீங்க எல்லாரும் பிரம்மதேசம் சாவுக்குப் போனீங்களே, ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்லாம? ஆளு எட்டு பேரு, குடை ஒண்ணு. தொப்பலா நனைஞ்சுகினு போய்ச் சேந்தோம்."

"மழையா?"

"இன்னாடி இப்டிக் கேக்குற? அந்த வருசம் மழை முந்திக்கிச்சே. உங்க கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே பாத்தி எல்லாம் கரைஞ்சு போச்சு."

"அவரு அன்னைக்கு உப்பளத்துலருந்துதானே வந்தாரு?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மழையில எந்த உப்பளத்துல எவன் வேலை செய்வான்? நீ உப்பளத்துக்காரன் பொண்டாட்டிதானே? அவன் ஊட்லதான் இருந்தான். கையெல்லாம் வெடிச்சுக் கெடக்குதே, கல்யாணப் பொண்ணு பாத்தா இன்னா நெனைப்பான்னு எங்கம்மாதான் பத்து நாளும் ஒக்கார வச்சு எண்ணெ தேச்சு வுட்டுச்சு. கல்யாணத்துக்குள்ள ஆறிப் போச்சு."

அந்த எண்ணெய் உங்கள் அம்மாவுடையது. எப்போதோ நீங்கள் எனக்குச் சொல்லியிருப்பீர்கள். நான் அதை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். நீங்களும் அதை என்னிடமே விட்டுவிட்டீர்கள். அதனால்தான் அங்கே பென்சில் படவில்லையா?

அண்ணி நிறுத்தவில்லை. "அன்னைக்கு நீ பண்ணதுதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. காலையிலருந்து ஒரே அழுகை. எங்க ஊட்டுக்குப் போறேன், எனக்கு இங்க புடிக்கலன்னு பையைத் தூக்கிகினு பஸ் ஸ்டாண்டுக்கே போயிட்ட. நாங்க பிரம்மதேசம் பஸ்ஸுக்கு நிக்குறோம், எதிர்ப்பக்கம் நீ பாண்டி பஸ்ஸுக்கு நிக்குற. எங்கம்மாவுக்கு மானமே போச்சு. அவன்தான் ஓடியாந்தான். உன் பக்கத்துல நின்னு மழையில நனைஞ்சுகினே என்னமோ சொன்னான். நீ பையை அவன் கையில குடுத்துட்டு அவன் பின்னாடியே போயிட்ட."

"இன்னா சொன்னாரு அண்ணி?"

"எனக்கெப்டித் தெரியும்? ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுகினு இருந்தீங்க. வந்தப்புறம் எங்கம்மா கேட்டுச்சு, இன்னாடா சொல்லி அவளைக் கூட்டியாந்தன்னு. அவன் சிரிச்சுகினே போயிட்டான். நீ அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

இதைச் சொல்லிவிட்டு அண்ணியே வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். சோறு போட்டார், சாப்பிட்டேன்.

எனக்கு அழுத ஞாபகம் இல்லை. பை ஞாபகம் இல்லை. மழையில்லை, பஸ் ஸ்டாண்ட் இல்லை, உங்களைவிட்டுப் போகப் பார்த்தேன் என்பதே இல்லை. என் புதுப்பெண்களில் ஒருத்தி கூட ஓடிப்போகப் பார்க்கவில்லையே. பதினோரு தடவை அந்த நாளின் மேல் வேறு நாளை எழுதிவிட்டேன். அடியில் இருந்தது இவ்வளவு பெரியது என்று தெரியாமலே போய்விட்டது. நீங்கள் சொன்ன வாக்கியம் என்னைத் தொடுவதற்கு முன் கேட்ட அனுமதி என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வீட்டுக்குள் இல்லை, பஸ் ஸ்டாண்டில் சொன்னது. ஒரு பெண்ணைப் பதினான்கு வருஷம் இருக்க வைத்த வாக்கியம் அது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆமாம், செத்தவர் மேல்தான். அந்த முதல் கதையில் நீங்கள் கோடு போட்ட மூன்று இடங்களில் ஒன்றில் அந்தப் பஸ் ஸ்டாண்ட் இருந்ததா? ஊருக்குப் பயந்து மாற்றச் சொன்னீர்களா, அல்லது நான் போகப் பார்த்ததை நான் மறந்துவிட வேண்டும் என்று மாற்றச் சொன்னீர்களா? ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் உட்கார்ந்தீர்களே. ஒரு தடவையாவது, "ஏம்மே, அன்னைக்கு நீ அழுதியே" என்று கேட்டிருக்கக் கூடாதா? நானாவது கேட்டிருக்கக் கூடாதா?

திரும்பி வந்து மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ் நிற்கிற பக்கம் உட்கார்ந்தேன். இங்கேதானே நின்றிருப்பேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வர ஆரம்பித்தது. தோளில் பை, ஒட்டிக்கொண்ட புடவை, சட்டையில்லாமல் ஓடி வருகிற நீங்கள், மூச்சு வாங்குகிறது. வாயைத் திறந்து சொல்கிறீர்கள். தெளிவாகக் கேட்டது. நல்ல வாக்கியம். அதைக் கேட்டால் எந்தப் பெண்ணும் திரும்பி வருவாள்.

சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டேன். குரல் உங்களுடையது, வாக்கியம் என்னுடையது. உட்கார்ந்த இடத்திலேயே பன்னிரண்டாவது கதையை எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் அதுதான் நடந்தது என்று நானே சத்தியம் செய்திருப்பேன்.

ஆசிரியர் அம்மாவுக்குப் போன் செய்து, அந்த ஒரு வரி எனக்குத் தெரியவில்லை, நாவல் வராது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு டயலாக்தானே மேடம்? நீங்களே ஏதாவது போட்டுக்கோங்க. வாசகர்களுக்குத் தெரியவா போகுது?" என்றார். தெரியாதுதான். அவர்கள் நம்பவும் நம்புவார்கள். அதுதான் எனக்குப் பயம். நாவலுக்குப் பதில் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் குப்பையில் போடட்டும். உங்கள் பென்சில் படாமல் நான் அனுப்புகிற முதல் எழுத்து இது. மதியம் மதியமாகவே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஃபாதர் ஒன்று சொன்னார். உயிர்த்தெழுந்த பிறகு அங்கே கணவன் என்றும் மனைவி என்றும் கிடையாதாம். எல்லோரும் ஒன்றுதானாம். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அங்கே உங்களைப் பார்த்தால் முதல் வேலையாகக் கேட்டுவிடலாம் என்று ஒரு இடம் மிச்சம் வைத்திருந்தேன். மனைவியாக இல்லாமல் போய் நின்று, அதை என்ன உரிமையில் கேட்பேன்?

ஆகவே, தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன். அந்தத் தாள்களை எரிக்கவும் இல்லை, அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும் இல்லை. அழுத்தி யோசித்தால் நானே எதையாவது செய்துவிடுவேன் என்பதால் யோசிப்பதையும் நிறுத்தப் பார்க்கிறேன். உங்களை நினைக்காமல் இருப்பதுதான் உங்களைக் கெடுக்காமல் இருக்க ஒரே வழி என்றால், இது என்ன பிழைப்பு, சொல்லுங்கள்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி நான் எழுதினாலும் எழுதாவிட்டாலும், மழையில் நனைந்துகொண்டு என் முன்னால் வந்து நிற்கிற அந்த மனிதரைப் பேச விட மாட்டேன். நீங்கள் சொன்னதை நான் தொலைத்துவிட்டேன். நீங்கள் சொல்லாத ஒன்றை உங்கள் வாயில் வைக்க மாட்டேன்.

அன்று உங்கள் பின்னாலேயே திரும்பி வந்த,
உங்கள் மனைவி
ஸ்டெல்லா